ஒரு பிடி அரிசி, ஐந்து நாள் வாரம்: ஜாவா கிராமத்தின் வரவு செலவு

இரவு பத்து, பதினொரு மணிக்கு மேல் மத்திய ஜாவாவின் கிராமத் தெருக்களில் வீட்டு வாசல்களைக் கவனித்தால், பல வீடுகளில் ஒரு சின்ன டப்பா தொங்குவது தெரியும். சில வீடுகளில் பிளாஸ்டிக் டம்ளர், சில வீடுகளில் தகர டப்பா, பழைய வீடு என்றால் மூங்கில் குழாய். அதற்குள் ஒரு பிடி அரிசி இருக்கும், அல்லது ஒரு 500 ருபியா நாணயம். ரோந்து வரும் ஆண்கள் டார்ச் அடித்தபடியே வந்து, டப்பாவைக் கவிழ்த்து பையில் கொட்டிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போவார்கள்.

இதற்குப் பெயர் ஜிம்பித்தான். விரல் நுனியால் கிள்ளி எடுக்கும் அளவு என்று அர்த்தம். நம்ம ஊர் பிடி அரிசி மாதிரிதான். தெருவிளக்குக்கு பல்பு, சாவு வீட்டுக்குப் பாய், ஆஸ்பத்திரிக்குப் போனவருக்குக் கைச்செலவு... எல்லாம் இந்தக் கிள்ளு அரிசியிலிருந்துதான். இப்போது அரிசி குறைந்து நாணயம் அதிகமாகிவிட்டது. சில ஊர்களில் டப்பாவுக்குப் பக்கத்திலேயே க்யூஆர் கோடு ஒட்டி, யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று மொபைலில் பதிவு செய்கிறார்கள். தப்பிக்கவே முடியாது!

இந்தோனேசியா என்றதும் நமக்கு பாலி தீவும் ஹனிமூன் போட்டோக்களும்தான் ஞாபகம் வரும். ஆனால், அந்த நாட்டு மக்களில் பாதிக்கும் மேல் வசிப்பது ஜாவா தீவில். தமிழ்நாட்டின் பரப்பளவுதான் கிட்டத்தட்ட ஜாவாவுக்கும். மக்கள்தொகை மட்டும் நம்மைப்போல இரண்டு மடங்கு, 15 கோடிக்கு மேல். எரிமலைச் சாம்பல் விழுந்து விழுந்து வளமான மண், வருஷத்துக்கு இரண்டு போகம் நெல், தண்ணீர் இருந்தால் மூன்றாவது போகமும் உண்டு. இல்லாவிட்டால் சோளம், வேர்க்கடலை, மிளகாய். கேட்க வளமாகத்தான் இருக்கிறது. அந்த வளம் யார் கைக்குப் போகிறது என்று பார்த்தால்தான் கதை வேறு.

அதற்கு முன் ஒரு சின்ன ஆச்சர்யம். இந்தோனேசிய மொழியில் கிராமத்துக்குப் பெயர் 'தேசா'. நமக்கு நாடு முழுக்க தேசம் என்றால், அவர்களுக்கு ஊர்தான் தேசம். தொழிலில் போடும் பணத்துக்குப் பெயர் 'மொடால்'. அது நம்முடைய 'முதல்' கப்பலேறிப் போனது. கப்பலும் 'கபால்' என்ற பெயரில் கூடவே போயிருக்கிறது. நெல் மூட்டை அடுக்கும் 'குடாங்', நம் கிடங்கு. ஜாவா விவசாயி ஒருவர் "முதல் இல்லை" என்று புலம்பினால், நமக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது.

இரண்டு ஹெக்டேர் கனவு

1960-ல் இந்தோனேசியா ஒரு நிலச் சட்டம் போட்டது. ஒரு விவசாயக் குடும்பத்துக்குக் குறைந்தபட்சம் 2 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 5 ஏக்கர் நிலமாவது இருக்கும்படி அரசு பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது அந்தச் சட்டம். அது நடக்கவில்லை. சட்டப்படி நிலத்தைப் பிரித்துக் கொடுங்கள் என்று கேட்டவர்களும், 1964-ல் கம்யூனிஸ்ட் கட்சி துணையோடு நிலத்தில் இறங்கியவர்களும், 1965-66-ல் நடந்த படுகொலைகளில் சிக்கினார்கள். லட்சக்கணக்கில் மக்கள் கொல்லப்பட்ட அந்த மாதங்களுக்குப் பிறகு, 'நிலம் யாருக்கு' என்ற கேள்வியை ஜாவா கிராமங்களில் பல பத்தாண்டுகள் யாரும் சத்தமாகக் கேட்கவில்லை.

2023-ல் எடுத்த விவசாயக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? அரை ஹெக்டேருக்கும் குறைவான நிலத்தை வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் நாடு முழுக்க சுமார் 1.69 கோடி. பத்து வருஷத்துக்கு முன் இது 1.42 கோடியாக இருந்தது. இவர்களுக்கு அங்கே ஒரு பெயர் உண்டு: 'பெத்தானி குரேம்'. குரேம் என்பது கோழியின் மேல் ஊரும் பேன். அரசாங்க அறிக்கையிலேயே அதுதான் பெயர் என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு குடும்பத்திடம் கால் ஹெக்டேர், சுமார் 60 சென்ட் இருக்கிறது. இந்தோனேசியாவின் சராசரி நெல் விளைச்சல் ஹெக்டேருக்கு 5 டன்னுக்குக் கொஞ்சம் மேல். அப்படியானால் இந்த வயலில் ஒரு போகத்துக்கு 1,300 கிலோ. 2025 ஜனவரியில் அரசு நெல்லின் கொள்முதல் விலையைக் கிலோவுக்கு 6,500 ருபியாவாக உயர்த்தியது. மொத்தம் சுமார் 84 லட்சம் ருபியா. லட்சங்களைப் பார்த்து மலைக்க வேண்டாம், நம் பணத்தில் சுமார் 45,000 ரூபாய்தான். அதிலிருந்துதான் விதை, உரம், டிராக்டர் வாடகை, நடவுக் கூலி எல்லாம் போக வேண்டும். நான்கு மாத உழைப்புக்கு மிஞ்சுவதைக் குடும்பம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

நிலம் சொந்தமாக இல்லாமல் வாரத்துக்கு எடுத்து உழுபவர் என்றால் இன்னும் சிக்கல். 'மாரோ' முறையில் விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு. 'மெர்தெலு' என்றால் மூன்றில் ஒரு பங்குதான் உழுதவருக்கு. ஊர்த் தலைவருக்கும் கிராம அலுவலர்களுக்கும் சம்பளத்துக்குப் பதிலாக 'பெங்கோக்' என்ற பொது நிலத்தை ஒதுக்கும் பழக்கம் ஜாவாவில் உண்டு. பதவியில் இருக்கும்வரை அந்த வயலின் விளைச்சல் அவர்களுக்கு. பல ஊர்களில் பெரிய வயல் யாருடையது என்று விசாரித்தால் கை நீளுவது பெங்கோக் பக்கம்தான். தலைவர் தேர்தலுக்கு ஏன் அவ்வளவு அடிதடி என்பதும் அப்போது புரிந்துவிடும்.

உள்ளங்கையில் மறைத்த கத்தி

இனி அறுவடைக்கு வருவோம். ஜாவா கிராமத்தின் பொருளாதாரம் தலைகீழாக மாறியது அங்கேதான்.

அறுபதுகள் வரை அங்கே நெல் அறுக்கப் பயன்பட்டது 'அனி-அனி' என்ற சின்னக் கத்தி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதை வைத்துக்கொண்டு பெண்கள் ஒவ்வொரு கதிராகக் கொய்வார்கள். ஏன் அவ்வளவு சின்னக் கத்தி? நெல்லில் தேவி ஸ்ரீ குடியிருக்கிறாள், பெரிய கத்தியைக் கண்டால் பயந்துவிடுவாள் என்பது நம்பிக்கை. நம் ஸ்ரீதேவியின் பெயர்தான், ஆனால் அங்கே அவள் முழுக்க முழுக்க நெல்லின் தாய். ஊரே முஸ்லிம் ஊராக இருந்தாலும், அறுவடைக்கு முன் வயல் வரப்பில் சோறும் கோழியும் முட்டையும் படைத்து 'விவித்தான்' செய்யும் குடும்பங்கள் இன்றும் உண்டு. படையல் முடிந்ததும் குழந்தைகள் பாய்ந்து வந்து சாப்பிட்டுவிடுவார்கள்.

இந்தச் சின்னக் கத்திக்குப் பின்னால் ஒரு பெரிய உரிமை இருந்தது. ஒரு வயல் விளைந்துவிட்டது என்றால், ஊரில் யார் வேண்டுமானாலும் அனி-அனியோடு வந்து இறங்கலாம். பக்கத்து ஊர்ப் பெண்கள்கூட வருவார்கள். நிலக்காரர் வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொன்னால் ஊர் பேசும். அறுத்த கட்டுகளில் ஒரு பங்கு அறுத்தவருக்கு. அந்தப் பங்குக்குப் பெயர் 'பாவோன்'. நெருங்கிய சொந்தத்துக்குக் கொஞ்சம் தாராளம், தெரியாதவருக்குக் கொஞ்சம் கறார். ஒரு சென்ட் நிலம் இல்லாத பெண்ணும், அறுவடை மாதத்தில் நாலு வயலில் இறங்கினால் வீட்டுக்கு நெல் வந்துவிடும்.

அறுபதுகளின் கடைசியில் பசுமைப் புரட்சி வந்தது. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த குட்டை ரக நெல்லைக் கதிர் கதிராகக் கொய்வது கஷ்டம், தாளோடு அரிவாளால் அறுப்பதுதான் வசதி. அரிவாள் வந்ததும் பத்துப் பேர் வேலையை இரண்டு பேர் செய்தார்கள். அதே சமயம் ஊர் ஊராக ரைஸ் மில்கள் முளைத்தன. 'லெசுங்' என்ற மர உரலில் நெல் குத்திக் கூலி வாங்கிய பெண்களுக்கு அந்த வேலையும் போயிற்று. 1970-களில் வில்லியம் காலியர், குணவான் விராடி போன்ற ஆய்வாளர்கள் ஜாவா கிராமங்களில் அலைந்து இந்த மாற்றத்தைப் பதிவு செய்தபோது, பொருளாதார வல்லுநர்களுக்கு இடையே பெரிய விவாதமே நடந்தது. மில் வந்தது நாட்டுக்கு லாபம் என்றது ஒரு பக்கம். அந்தப் பெண்கள் எங்கே போவார்கள் என்றது இன்னொரு பக்கம்.

விளைச்சல் கூடியது என்பதையும் மறுக்க முடியாது. அரிசி இறக்குமதிக்குக் கையேந்திய நாடு 1984-ல் தன்னிறைவு பெற்றதாக அறிவித்தது. மறு வருஷம் ரோமில் ஐ.நா-வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு அதிபர் சுகார்த்தோவைக் கௌரவித்தது. அதற்கும் அடுத்த வருஷமே புகையான் பூச்சி வயல்களைத் தின்று தீர்க்க, நெல்லுக்கு அடித்துக்கொண்டிருந்த 57 வகை பூச்சிமருந்துகளுக்கு அதே சுகார்த்தோ தடை போட்டார். பூச்சிமருந்து அடிக்க அடிக்கப் புகையானைத் தின்னும் சிலந்திகள் செத்துப்போய், புகையான்தான் பெருகியது என்று அப்போது புரிந்திருந்தது.

அறுவடைக்கே திரும்புவோம். பாவோன் உரிமையை உண்மையில் உடைத்தது அரிவாள் இல்லை, 'தெபாசான்' என்ற ஏற்பாடு. அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே வியாபாரி வயலுக்கு வருவார். வரப்பில் நின்று கண்ணாலேயே மதிப்பு போடுவார். கதிரோடு மொத்த வயலும் இவ்வளவு என்று பேசி முன்பணம் கொடுத்துவிடுவார். அதன் பிறகு அறுப்பது, அடிப்பது, ஏற்றுவது எல்லாம் அவர் ஆட்கள். அந்த ஆட்கள் பெரும்பாலும் வேற்றூர்க்காரர்கள்.

நிலக்காரருக்கு இதில் என்ன லாபம்? மழை வந்தால் நஷ்டம் வியாபாரிக்கு. காயப்போட இடம் தேட வேண்டாம். ஸ்கூல் ஃபீஸ் கட்டப் பணம் கைக்கு வந்துவிடுகிறது. இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு. அனி-அனியோடு வாசலில் நிற்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் "இந்தத் தடவை வேண்டாம்" என்று அவர் சொல்ல வேண்டியதில்லை. வயல் இப்போது வியாபாரியுடையது. முகத்தை முறிக்கிற வேலையை வெளியாள் பார்த்துக்கொள்வார்.

அரசின் 6,500 ருபியா விலையும் இங்கேதான் இடறுகிறது. அது கிலோவுக்குப் போட்ட விலை. வரப்பில் நின்று பேசும் வியாபாரத்தில் தராசே கிடையாதே! வியாபாரியின் கண்தான் தராசு. மார்க்கெட்டில் விலை நன்றாக இருந்தால் பேரமும் கொஞ்சம் நன்றாகப் படியும், அவ்வளவுதான்.

சில ஊர்களில் வேலையாட்களும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நடவையும் களை எடுப்பையும் கூலி வாங்காமலே, அல்லது அரைக் கூலிக்குச் செய்து கொடுப்பார்கள். அதற்குப் பதிலாக அந்த வயலின் அறுவடை அவர்களுக்குத்தான், ஐந்தில் ஒன்றோ ஆறில் ஒன்றோ பங்கு. மேற்கு ஜாவாவில் இதை 'செப்ளோகான்' என்கிறார்கள். முன்பு ஊருக்கே சும்மா கிடைத்த உரிமையை, மூன்று மாத வேலையை முன்கூட்டியே கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

சந்தையும் சீட்டும்

ஜாவா கிராமத்தில் இரண்டு வாரங்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஸ்கூலுக்கும் ஆபீஸுக்கும் ஏழு நாள் வாரம். சந்தைக்கு ஐந்து நாள் வாரம். லெகி, பாஹிங், பொன், வாகே, கிளிவோன் என்று ஐந்து நாட்களுக்கும் பெயர் உண்டு. இந்த ஊர்ச் சந்தை பொன் நாளில், அடுத்த ஊர்ச் சந்தை வாகே நாளில் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். மிளகாய், வெல்லம், கோழி சுமந்து வரும் பெண்களும் கூடவே சுற்றுவார்கள். சோலோ நகரத்தில் பசார் லெகி, பசார் கிளிவோன் என்று இன்றும் இடங்களுக்கே பெயர் இருக்கிறது.

ஏழும் ஐந்தும் சேர்ந்து வர 35 நாள். இதுதான் கிராமத்தின் 'மாதம்'. குழந்தை பிறந்த 35-ம் நாள் விசேஷம், ஊர்க் கூட்டம், சீட்டு எல்லாமே பல ஊர்களில் இந்தக் கணக்கில்தான்.

சீட்டா? ஆமாம், நம்ம குலுக்கல் சீட்டேதான். பெயர் 'அரிசான்'. இருபது பெண்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள், ஆளுக்கு இவ்வளவு என்று போடுவார்கள், பெயர் எழுதிய சுருள்களைக் குலுக்குவார்கள், விழுந்தவருக்கு மொத்தப் பணம். நம் ஊர் சீட்டுக் கம்பெனி மாதிரி கமிஷன் கிடையாது. டீயும் பலகாரமும் கொடுக்கும் செலவு மட்டும் அந்த வீட்டுக்காரருக்கு. அமெரிக்க மானுடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1950-களில் கிழக்கு ஜாவாவில் தங்கியிருந்தபோது பார்த்து, 1962-ல் கட்டுரை எழுதும் அளவுக்கு இந்தச் சீட்டு அவரைக் கவர்ந்தது. கிராமத்துக்காரர் பணப் பொருளாதாரத்துக்குப் பழகும் நடுப்படி இது, பிறகு வங்கி வந்தால் மறைந்துவிடும் என்பதுபோல அவர் கணித்தார். அறுபது வருஷம் ஆகிவிட்டது. வங்கியும் வந்துவிட்டது, அரிசானும் நன்றாகவே நடக்கிறது.

வங்கி என்றதும் ஒரு கதை. இன்று கிராமத்துக்குக் கிராமம் கிளை வைத்திருக்கும் பேங்க் ரக்யாட் இந்தோனேசியா, 1895-ல் மத்திய ஜாவாவின் புர்வோகெர்த்தோ ஊரில் தொடங்கியது. விர்யாத்மாஜா என்ற உள்ளூர் அதிகாரி, வட்டிக்காரர்களிடம் சிக்கியவர்களை மீட்க மசூதிப் பணத்திலிருந்து கடன் கொடுத்ததுதான் ஆரம்பம். இன்று அரசு மானியத்தோடு 6 சதவிகித வட்டியில் சிறுகடன் கிடைக்கிறது. அப்படியும் காலை நேரத்தில் பைக்கில் வந்து வாசலில் நிற்கும் தண்டல்காரரை ஒழிக்க முடியவில்லை. 'பேங்க் பிளெசித்', 'பேங்க் தித்தில்' என்று ஊர் அவருக்கும் பேங்க் பட்டம் கொடுத்து வைத்திருக்கிறது. ஃபார்ம் கேட்பதில்லை, நிலப் பத்திரம் கேட்பதில்லை, பத்து நிமிஷத்தில் பணம். வட்டியைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

ஆந்தைக்கு வீடு, குளத்துக்குள் சோபா

2014-ல் கிராமச் சட்டம் வந்தது. 2015 முதல் மத்திய அரசு ஒவ்வொரு கிராமத்துக்கும் நேரடியாகப் பணம் அனுப்புகிறது. 2024-ல் சுமார் 75,000 கிராமங்களுக்கு 71 லட்சம் கோடி ருபியா. பிரித்துப் பார்த்தால் ஒரு கிராமத்துக்கு நம் பணத்தில் சராசரியாக 50 லட்சம் ரூபாய். சிமென்ட் ரோடும் வாய்க்காலும்தான் அதிகம் வந்தன.

கிராமத்துக் கம்பெனி என்றால் எல்லோரும் காட்டும் உதாரணம் கிளாத்தேன் மாவட்டத்தின் பொங்கோக். இந்த ஊர் 2009-லேயே சொந்தக் கம்பெனி தொடங்கியது. ஊரில் ஓர் ஊற்றுக் குளம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். குளத்துக்கு அடியில் சோபா, மோட்டார் பைக், டிவி எல்லாம் இறக்கி வைத்தார்கள். தண்ணீருக்குள் உட்கார்ந்து டிவி பார்ப்பதுபோல செல்ஃபி எடுக்க நாடு முழுக்கக் கூட்டம் வந்தது. சில வருஷங்களிலேயே ஊர்க் கம்பெனியின் வருமானம் ஆண்டுக்கு 1,000 கோடி ருபியாவைத் தாண்டியது, அதாவது சுமார் 5 கோடி ரூபாய். அதைப் பார்த்துப் பல ஊர்கள் குளத்தில் பைக்கை இறக்கின. எல்லாக் குளத்துக்கும் கூட்டம் வருமா என்ன?

டெமாக் மாவட்டத்தின் த்லோகோவெரு கிராமம் இன்னும் சின்னதாக, இன்னும் உபயோகமாக ஒன்று செய்தது. எலித் தொல்லைக்கு வயல் நடுவே கம்பம் நட்டு, மேலே மரப்பெட்டி வைத்து, கூகை ஆந்தைகளைக் குடியேற்றியது. ஆந்தையைக் கொன்றால் அபராதம். ஆந்தைகள் எலிகளைப் பார்த்துக்கொண்டன. அதே மத்திய ஜாவாவின் ஸ்ராகேன் மாவட்டத்தில், எலிக்காக வயலைச் சுற்றி மின்கம்பி கட்டி அதிலேயே சிக்கி உயிர்விட்ட விவசாயிகள் பலர். சுவிட்சை அணைக்க மறந்த ஒரு ராத்திரி போதும்.

2025 ஜூலையில் அதிபர் பிரபோவோ அதே கிளாத்தேனில் 80,000 கிராமக் கூட்டுறவுகளைத் தொடங்கி வைத்தார். வியாபாரியை ஒதுக்கிவிட்டு விவசாயியே விற்கலாம் என்பது திட்டம். ஊர்ப் பெரியவர்களுக்கு சுகார்த்தோ கால கூட்டுறவு ஞாபகம் இருக்கிறது. 'கே.யு.டி' என்ற அதன் சுருக்கத்துக்கு அப்போதே ஒரு விரிவாக்கம் சொல்வார்கள்: 'லாபம் முதலில் தலைவருக்கு'.

பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள்? அதே 2023 கணக்கெடுப்பில், விவசாயிகளில் பத்தில் கிட்டத்தட்ட நான்கு பேர் 55 வயதைத் தாண்டியவர்கள். போனோரோகோ, துலுங்காகுங், சிலாசாப் மாவட்டங்களிலிருந்து இளம்பெண்கள் ஹாங்காங்குக்கும் தைவானுக்கும் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். ஓலைத் தட்டிச் சுவர் இருந்த இடத்தில் டைல்ஸ் பதித்த வீடு எழும்புகிறது. அதில் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஹாங்காங்கின் விக்டோரியா பார்க்கில் பாய் விரித்து உட்கார்ந்து அம்மா வீடியோ காலில் வருவாள். ரம்ஜானுக்கு லட்சக்கணக்கான பைக்குகள் நகரங்களிலிருந்து ஊர் திரும்பும்போது மட்டும் கிராமத்தில் இளம் முகங்களைப் பார்க்கலாம். பத்துப் பதினைந்து நாளில் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள்.

அதனால்தான் இப்போது அறுவடைக்கு மெஷின் வருகிறது. ஆள் கிடைக்கவில்லை என்கிறார் வியாபாரி. அதில் பாதி உண்மை. ஆள் இருக்கிறார்கள், ஐம்பது அறுபது வயதுப் பெண்கள். மெஷின் ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் அவர்கள் இறங்குகிறார்கள், தலையில் ஓலைத் தொப்பி, கையில் ஒரு பழைய உரச் சாக்கு. மெஷின் துப்பிய வைக்கோலைப் புரட்டி, அதில் சிக்கிய கதிர்களை உதிர்த்துச் சேர்க்கிறார்கள். 'ஙாசாக்' என்று பெயர். இதற்கு மட்டும் யாரும் தடை சொல்வதில்லை. மெஷின் சுத்தமாக அறுத்தால் அன்றைக்குச் சாக்கில் ஒன்றும் சேராது, மேடு பள்ளமான வயல் என்றால் சில கிலோ தேறும். சாயங்காலம் அதை ரோட்டோரத்தில் தார்ப்பாய் விரித்துக் காயப்போடுவார்கள், பைக்குகள் ஒதுங்கிப் போகும்.